பாட்டு நின்றால் போன்

அந்தப் போன் வந்த பெட்டியின் மேல் ஒரு கிடார் படம் போட்டிருந்தது. அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். போன் விற்கிறவன் பெட்டியின் மேல் போன் படத்தைப் போடாமல் கிடார் படத்தைப் போடுகிறான் என்றால், உள்ளே இருப்பது எதற்கு லாயக்கு, எதற்கு லாயக்கில்லை என்பதை அவனே நாணயமாகச் சொல்லிவிட்டான் என்றுதான் அர்த்தம்.

வாங்கி வந்தவன் அவள் கணவன். பேருந்து ஓட்டுகிறவன். அவளுடைய பழைய போன் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து உயிரை விட்ட மறுநாள், வேலை முடிந்து வரும் வழியில் கடையில் ஏறியிருக்கிறான். கடைக்காரர் இந்தப் போனை மேஜை மேல் வைத்து, பக்கவாட்டில் இருந்த பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாராம். கண்ணாடி அலமாரியே அதிர்ந்ததாம். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்களாம். அத்தோடு ஆள் விழுந்துவிட்டான்.

"விலையோ கொஞ்சம், சத்தமோ மலை! கேளேன், கேளு!"

"நான் பேசறதுக்குப் போன் கேட்டேன்."

"பேசலாமே. எல்லாப் போன்லயும்தான் பேசலாம். இதுல பாட்டும் கேக்கலாம்."

இதில் பாதி உண்மை. பாட்டுக் கேட்கலாம். பேசுவதுதான் கஷ்டம். மலிவு விலையில் ஒரு போன் செய்கிறவன் கையில் இருக்கிற காசை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். இதைச் செய்தவன் பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கரை வைத்து அங்கே கொட்டிவிட்டான். மிச்சம் மீதியில் ஒரு மைக் வைத்தான். அந்த மைக்கில் இவள் பேசினால் மறுமுனையில் இருப்பவர்களுக்குத் தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் கேட்கும். இவளே தலையணைப் பட்டறையில் வேலை பார்க்கிறவள் என்பதால் அந்த ஒப்புமையை எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பக்கவாட்டில் மூன்று பொத்தான்கள். ஒன்று பாட்டைத் தொடங்கவும் நிறுத்தவும், மற்ற இரண்டும் முன் பாட்டுக்கும் பின் பாட்டுக்கும். எண்களைப் பூட்டி வைத்தாலும் இந்த மூன்றும் பூட்டுக்குக் கட்டுப்படாது. பாட்டு ரசிகன் பூட்டைத் திறக்கிற நேரம்கூடக் காத்திருக்க மாட்டான் என்று செய்தவன் நினைத்திருக்கிறான். விளைவு, பைக்குள் ஒரு சீப்போ சாவியோ உரசினால் போதும், கச்சேரி ஆரம்பம். ஒருமுறை கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் அது குத்துப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டது. பார்க்க முடியாதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்கள்.

வீட்டில் எரிச்சலைக் கிளப்பிய அந்தப் போனுக்குப் பட்டறையில் ராஜமரியாதை. காரணம், அதில் இருந்த ரேடியோ. அவள் அதைக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த ரேடியோ எப்படி வேலை செய்தது என்று இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் மூலம் அதுதான். காற்றில் வரும் அலையைப் பிடிக்க ரேடியோவுக்கு ஓரளவு நீளமான கம்பி வேண்டும். உள்ளங்கை அளவு போனில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது? அதனால் காதில் மாட்டுகிற ஹெட்போன் வயரையே கம்பியாகப் பயன்படுத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். வயரைச் செருகினால்தான் ரேடியோ பாடும். உருவினால் வாயை மூடிக்கொள்ளும். வயரைச் செருகியபடியே பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட ஒரு வழியும் உண்டு. எடை பார்க்கிற அக்கா ஒரு மதிய இடைவேளையில் நோண்டி அதைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து காலையில் அவள் உள்ளே நுழைந்ததும் எடை அக்கா கையை நீட்டுவாள். போனைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வயரைச் செருகி, அதன் நுனியை ஆணியில் மாட்டிவிட்டால் பட்டறை முழுக்கப் பாட்டு.

ஒரே ஒரு சிக்கல். அழைப்பு வந்தால் ரேடியோ மரியாதையாக ஒதுங்கி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் மணி அடிப்பது ஸ்பீக்கரில் அல்ல, ஆணியில் தொங்குகிற ஹெட்போனில். கொசு முனகுவதுபோல் அது அங்கே முனகிக்கொண்டிருக்கும். யார் காதிலும் விழாது. அதனால் பட்டறையில் தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. பாட்டு ஓடினால் அழைப்பு இல்லை. பாட்டு திடீரென்று நின்றால் அழைப்பு. நின்ற மறுகணம் நாலா பக்கத்திலிருந்தும் குரல் வரும்: "ரேடியோ! பாட்டு நின்னுடுச்சு! போனு!" பஞ்சடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு அவள் ஓடிவருவாள். மற்றவர்கள் மணி அடித்தால் போனை எடுப்பார்கள். இவர்கள் மணி அடிக்காவிட்டால் எடுத்தார்கள். பழகிப்போன பிறகு யாருக்கும் அது விநோதமாகவே தெரியவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவளுக்கு வீட்டில் வேறு ஒரு தலைவலி இருந்தது. குடியிருந்தது மூன்றாவது மாடி. மாமனார் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில் மாட்டிக்கொண்டார். அறைக்குள் ஊன்றுகோல் வைத்து நடப்பார். படியில்தான் கால் வைக்க முடியாது. மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் மகன் முதுகில் சுமந்து இறக்க வேண்டும். கடைசித் தடவை இரண்டாவது மாடித் திருப்பத்தில் மகனின் கால் வழுக்கி, இரண்டு பேரும் சுவரில் மோதி எப்படியோ தப்பினார்கள். அன்றிலிருந்து மாமனார் கீழே இறங்க மாட்டேன் என்றுவிட்டார். மருத்துவரிடம் போகவும் மறுத்தார். ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களின் நடையைக் குறை சொல்வதே அவர் வேலையாகிவிட்டது.

தரைத்தளத்தில் ஒரு வீடு. அதைத்தான் அவள் தேடு தேடு என்று தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒன்று அகப்பட்டது. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, வாசலில் ஒரு படிகூட இல்லை. வீட்டுக்கார அம்மா செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். மேல்தளத்தில் தனியாக இருந்தார். பேச்சு எல்லாம் அளந்து தேய்த்த பல் மாதிரிக் கச்சிதம்.

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்குக் காலைல போன் பண்றேன். ரெண்டு தடவ அடிப்பேன். எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவேன். எனக்கு முன்னால வரிசை நிக்குது."

"எடுத்துடுவேன்மா. கையிலயே வெச்சிருப்பேன்."

கையிலேயே வைத்திருப்பேன் என்று வாய் சொல்லிவிட்டதே தவிர, பஞ்சடிக்கிறவள் கையில் போனை எங்கே வைத்துக்கொள்வது? அன்று சாயங்காலம் கணவனிடம் புலம்பினாள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க முடியாது என்பதால் அவன் எண்ணைக் கொடுத்துப் பயனில்லை. மாமனாரோ போனைத் தொட்டால் கடித்துவிடும் என்பதுபோல் நடந்துகொள்கிறவர்.

"இதுல என்ன இருக்கு? நாளைக்கு ஒருநாள் ரேடியோ வேண்டாம்னு சொல்லிடு. வயரை உருவி வெச்சா மணி ஸ்பீக்கர்லயே அடிக்கும்."

"அந்த மணியா? டிங் டிங்னு கிண்ணத்த ஸ்பூனால தட்டற மாதிரி. மெஷின் ஓடறப்ப அது எங்க கேக்கும்?"

"குடு இங்க. மாத்தித் தரேன்." அவன் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். அவள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுது! அடிச்சா பொணம்கூட எழுந்து உக்காரும்!" என்று அங்கிருந்து கத்தினான்.

"அப்ப என்னையும் எழுப்பட்டும்," என்றார் மாமனார்.

எதை வைத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. சத்தமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் எடை அக்கா வழக்கம்போல் கையை நீட்டினாள். அவள் போனைக் கொடுத்தாள், வயரைக் கொடுக்கவில்லை. சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்னடி, இன்னிக்குப் பாட்டு கிடையாதா?"

"வீட்டு விஷயமா போன் வரும்க்கா. மணி அடிக்கும். அடிச்சா என்னைக் கூப்பிடுங்க."

"மணி அடிக்கறதா? உன் போனுக்கு மணி வேற இருக்கா?" என்று சிரித்தபடி எடை அக்கா போனைத் தராசுப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் சாய்த்து வைத்தாள். தையல் மெஷின்காரர்கள் இரண்டு பேருக்கும் மேஸ்திரிக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. மேஸ்திரி அப்போது கிடங்கில் இருந்தார். தையல்காரர்கள் தாமதமாக வந்தார்கள்.

பஞ்சடிக்கும் மெஷின் இருப்பது பின்கட்டில், பஞ்சு பறக்கும் என்பதால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். முள் பதித்த ஓர் உருளை உள்ளே சுழலும். கட்டியாக இருக்கும் பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக வாயில் ஊட்டினால் அது பிய்த்து, நுரைபோல ஆக்கி மறுபக்கக் கூடையில் துப்பும். ஊட்டுவதில்தான் சூட்சுமம். ஒரே சீராக ஊட்ட வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போனால் வாயில் நிற்கும் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். பெல்ட் தீய்ந்து நாற்றம் எடுக்கும். பிறகு கத்தியும் கையுமாக உட்கார்ந்து அரைநாள் பிய்க்க வேண்டும்.

மெஷினின் வாயில் நிறையப் பஞ்சு நிற்கும் நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது.

ஊரெல்லாம் அந்த மாதம் பாடிக்கொண்டிருந்த பாட்டு அது. ரேடியோக்காரர்கள் காலையில் ஒருமுறையாவது போடாமல் விடமாட்டார்கள். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. 'இவ்வளவு சொல்லியும் பையிலிருந்து வயரை எடுத்துச் செருகிவிட்டாளே இந்த எடை அக்கா!' பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சை ஊட்டினாள். ஆனால் மனதின் இன்னொரு மூலை, பழக்க தோஷத்தில், சமாதானமும் சொன்னது: பாட்டு ஓடுகிறது; ஆகவே அழைப்பு இல்லை. நின்றால் ஓடிக்கொள்ளலாம்.

முன்கட்டில் எல்லோருக்கும் குஷி. தையல்காரர் ஒருவர் மெஷினின் மிதிப்பலகையைப் பாட்டின் தாளத்துக்கு மிதித்தார். கிடங்கிலிருந்து திரும்பிய மேஸ்திரி கூடவே பாடினார். எடை அக்காதான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஒரு பெரிய மெத்தைக்கு எடை வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ வயரைச் செருகிவிட்டார்கள் போலிருக்கிறது, நமக்கென்ன என்று அவளும் தலையை ஆட்டினாள்.

பாட்டு நின்றது.

"ரேடியோ! பாட்டு நின்னுடுச்சு! போனு!" மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின.

அவள் மெஷின் வாயில் இருந்த பஞ்சை அள்ளி வெளியே எடுத்து, சுவிட்சை அணைத்து, தடுப்பைத் தாண்டி ஓடிவந்தாள். மூக்கு, தலை, புருவம் எல்லாம் பஞ்சு. தராசுக்குப் பத்தடி இருக்கும்போது பாட்டு மறுபடியும் தொடங்கியது.

"அட, விடு! வந்துடுச்சு," என்றார் மேஸ்திரி. "கட் பண்ணிட்டாங்க போல."

பட்டறைச் சட்டப்படி அதுதான் சரி. பாட்டு திரும்ப வந்தால் அழைத்தவர் வைத்துவிட்டார் என்று பொருள். அவள் அந்த இடத்திலேயே நின்று மூச்சு வாங்கினாள். 'யாராக இருக்கும்? வீட்டுக்கார அம்மாவாக இருந்தால் இன்னொரு தடவை கூப்பிடுவார். நல்லவேளை, இங்கேயே நிற்போம்.'

நின்றாள். பாட்டைக் கேட்டுக்கொண்டே, அது நிற்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதே பாட்டத்தானே இப்பப் போட்டான்?" என்றார் தையல்காரர். "அதுவும் முதல்லேர்ந்து."

"நேயர் விருப்பமா இருக்கும்," என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் அவள் கண் ஆணிக்குப் போனது. ஆணியில் வயர் இல்லை. போனின் தலையில் வயர் செருகும் ஓட்டை காலியாக, கருப்பாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வயர் இல்லாமல் ரேடியோ எப்படிப் பாடும்? ரேடியோ பாடாது. அப்படியானால் பாடுவது—

"ஐயோ!" என்று பாய்ந்தாள். பஞ்சு ஒட்டிய விரலால் பச்சைப் பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் பாட்டு நின்றுவிட்டது. திரையில் இரண்டு தவறிய அழைப்புகள். இரண்டும் வீட்டுக்கார அம்மா.

"போன் மணிக்குப் பாட்டையா வெச்சே?" என்றாள் எடை அக்கா, வாயில் கைவைத்து. "அதுவும் இந்தப் பாட்டையா?"

"நான் வெக்கலக்கா. அந்த மகராசன் வெச்சிருக்கான்!" திரும்ப அழைத்தாள். எண் வேறொரு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்! மறுபடி அழைத்தாள். அதே குரல், அதே சாவகாசம்.

"போ, போ. நேர்ல போ," என்றார் மேஸ்திரி. கூடவே பாடியவர் என்பதால் அவர் முகத்தில் அசடு வழிந்தது. "மெஷின நான் பாத்துக்கறேன்."

தலையிலிருந்து பஞ்சைத் தட்டக்கூட நிற்காமல் ஓடினாள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, போனைக் காதிலிருந்து அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவ அடிச்சேன்மா. முழுசா அடிச்சு ஓஞ்சுது. இப்பத்தான் இன்னொருத்தங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"அம்மா, போன் பக்கத்துலதான் நின்னேன். கேட்டுட்டும் இருந்தேன். ஆனா அது போன்னு தெரியல."

"மணி அடிச்சா போன்னு தெரியாதா?"

அவள் விளக்க ஆரம்பித்தாள். ரேடியோவுக்கு ஏன் வயர் வேண்டும், வயர் இருந்தால் மணி எங்கே போகும், பட்டறையில் பாட்டு நின்றால் என்ன அர்த்தம், தொடர்ந்தால் என்ன அர்த்தம், புருஷன் மெனக்கெட்டு எதைத் தேர்ந்தெடுத்து வைத்தான், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கையில் போனை வைத்துக்கொண்டு பொத்தான்களையும் ஸ்பீக்கர்களையும் காட்டிக் காட்டிச் சொன்னாள். எங்கே தட்டினாளோ, நடுவில் அது பாடவும் பாடிவிட்டது. மாடிக் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த புறா பறந்தது.

வீட்டுக்கார அம்மா பொறுமையாகக் கேட்டார். எல்லாம் புரிந்துதான் விட்டது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

"அதாவது, ஒரு பட்டறைக்கே கேக்கற மாதிரிப் பாடற போனு. அத என் வீட்டுக்குக் கீழ கொண்டுவந்து வெக்கறேங்கற. நான் பகல்ல கொஞ்சம் கண் அசர்ற ஆளும்மா. நல்லவேளை நீ எடுக்கல."

கோபம் யார் மேல் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. கிடார் படம் போட்டவன் மேலா, கட்டிக்கொண்டவன் மேலா, தாளத்துக்கு மிதித்த தையல்காரர் மேலா, நின்று பாட்டுக் கேட்ட தன் மேலேயேவா? வாசல் சுவரில் சாய்ந்துகொண்டாள். முதுகில் சுமந்து இறக்கியபோது வழுக்கிய அந்தப் படித்திருப்பம் கண் முன்னால் வந்தது. மாமனாரிடம் போய் என்ன சொல்வது?

யோசித்துக்கொண்டே நின்றவளுக்குத் தினமும் பார்க்கிற ஒரு சங்கதி உறைத்தது. மெஷினில் இந்தப் பக்கம் ஒன்று உள்ளே போனால் அந்தப் பக்கம் ஒன்று வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

"அம்மா, இங்க வரப்போறாங்களே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"அவங்க இங்க வந்தா அந்த வீடு காலியாகுமில்ல?"

வீட்டுக்கார அம்மா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். புருவத்துப் பஞ்சைப் பார்த்தோ என்னவோ, முகம் கொஞ்சம் இளகியது. "இரு, என் போன்லயே போட்டுத் தரேன். உன்னோடதுல பேசினா ஒண்ணும் புரியாது. அன்னிக்கே நீ பேசினது கிணத்துக்குள்ளேர்ந்து கேட்டுது."

மறுமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பெண். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமும் சந்தேகமும் சேர்ந்து வந்தன.

"தரைவீடுதான். ஆனா அக்கா, முன்னாலயே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. பக்கத்துச் சுவர் மரம் அறுக்கற பட்டறை. நாளெல்லாம் ரம்பம் ஓடும். தேச்சு அடுக்கின வெள்ளச் சட்டை மேலயெல்லாம் மரத்தூள். அதுக்குத்தான் ஓடி வரேன்."

"படி இருக்கா?"

"என்ன?"

"வாசல்ல படி இருக்காம்மா, படி?"

"படியெல்லாம் எதுவும் இல்லக்கா. வாசக்கல்லு ஒண்ணுதான். அதுவும் தேஞ்சு தரையோட போயிடுச்சு."

அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தாள். ரம்பச் சத்தம் காதைக் கிழித்தது; அந்த வீட்டின் சொந்தக்காரர் பேசியது பாதி கேட்கவில்லை. வாசலில் மட்டும் நின்று, காலால் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு, சரி என்று தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கணவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள். "நல்ல பாட்டாத்தானே வெச்சேன்," என்று அவன் ஒருமுறை வாயைத் திறந்தான், அப்புறம் திறக்கவில்லை. அடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வீடு கிடைச்சுது மாமா. தரைவீடு. பக்கத்துல மரம் அறுக்கற பட்டறை. நாள் முழுக்க ரம்பம் ஓடும்."

"ஏம்மா, ஊர்ல உனக்கு வேற வீடே கிடைக்கலையா?"

"கிடைச்சுது. கைநழுவிப் போச்சு. ஏன்னு உங்க மகனக் கேளுங்க. இது வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, போய் வேண்டாம்னுட்டு வந்துடறேன். இந்த ஜன்னல்லயே உக்காந்துக்கலாம். எனக்கும் ஓடி ஓடி அலுத்துப்போச்சு."

மாமனார் வெளியே எட்டிப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ நடந்து போனார்கள். அவர் குறை எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழம ரம்பத்துக்கு லீவு விடுவானா?"

"விடுவான்னுதான் சொன்னாங்க."

"வாசலத் தாண்டினா தெருதானா? நேராத் தெருவா?"

"நேராத் தெருதான் மாமா."

ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப என் செருப்பு எங்க கிடக்குன்னு பாரு."

கணவன் முந்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தான். இவளும் மறுபக்கத்திலிருந்து குனிந்தாள். பழைய பெட்டி, உடைந்த விசிறி, சுருட்டிய பாய் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். கடைசியில் தூசி படிந்து ஒரு செருப்பு வந்தது.

"என்னடா இது, ஒண்ணுதானா?" என்றார் மாமனார் எரிச்சலோடு. "இன்னொண்ணத் தேடுங்க."